பத்தாயிரம் கிண்ணம் சோபா

1831 வாக்கில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் கடைகளில் ஓவியர் ஹொக்குசாயின் பேரலை மரக்கட்டை அச்சுப்படம் ஒரு தாள் ஏறக்குறைய 20 மோன் (அன்றைய ஜப்பானியக் காசு). அதே தெருவில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன். அந்தப் படம் 8,000 பிரதிகள் அடிக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெருக்கிப் பார்த்தால் 1,60,000 மோன், அதாவது 10,000 கிண்ணம் சோபா. தாள், மை, செர்ரி மரக்கட்டை, ஓவியர், செதுக்குபவர், அச்சடிப்பவர், கடைக்காரர் என்று எல்லாரும் இந்தப் பத்தாயிரம் கிண்ணத்துக்குள்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

2023 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதில் ஒரு தாள் 27.6 லட்சம் டாலருக்குப் போனது. ஏலத்தில் கேட்ட விலை 22.5 லட்சம்தான், மீதி 5.1 லட்சம், வாங்குபவர் ஏலக் கம்பெனிக்குத் தரும் கமிஷன். அமெரிக்காவில் ஒரு கிண்ணம் சோபா 20 டாலர் என்று தாராளமாகவே வைத்தாலும் 1,38,000 கிண்ணம். மொத்தப் பதிப்பும் அன்று ஈட்டியிருக்கக்கூடியதைப்போல் கிட்டத்தட்ட 14 மடங்கை இன்று ஒற்றைத் தாள் ஈட்டிவிட்டது.

தாள் அரிதாகிவிட்டது என்பது பாதிக் காரணம். பிரிட்டிஷ் மியூசிய ஆய்வாளர் ஒருவர் உலகம் முழுக்கத் தேடி 113 பிரதிகளை இனம்கண்டார். 8,000 சரியென்றால் 71க்கு ஒன்று. அந்த 113க்கும் ஒரே விலை கிடையாது என்பது மீதிக் காரணம். கைதேர்ந்த அச்சுக்காரர் ஒரு மூச்சில் அடிக்கும் கணக்கு 200 தாள். 8,000 என்றால் அப்படி 40 முறை. ஒவ்வொரு தாளையும் கட்டைமேல் வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய பாரென் என்ற தேய்ப்பானால் அதன் முதுகில் அழுத்தித் தேய்க்கிறார்கள், கட்டையின் மெல்லிய கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. பேரலையின் இடப்பக்க மேல்மூலையில் தலைப்பு எழுதிய கட்டம் இருக்கிறது. அதன் ஓரக்கோடு அறுபடாமல் இருந்தால் முன்னால் அடித்தது, இடையிடையே விட்டுப்போயிருந்தால் பிந்தியது. வியாபாரி பூதக்கண்ணாடியை முதலில் கொண்டுபோவது அலைக்கு அல்ல, அந்தக் கட்டத்துக்கு.

அமெரிக்க கேலரிகளில் ஒரே படத்துக்கு மூன்று வகை விலைச்சீட்டு இருப்பதும் இதனால்தான். ஓவியர் உயிரோடு இருந்தபோது அடித்தது ஒன்று. அதே கட்டைகளில் பிற்பாடு அடித்தது இன்னொன்று. புதிதாகக் கட்டை செதுக்கி அடித்த மறுபதிப்பு மூன்றாவது. பேரலையே இந்த வகையில் சில நூறு டாலருக்குள் கிடைக்கிறது. அதுவும் கையால் அடித்ததுதான், போலி இல்லை, மறுபதிப்பு என்பதை மறைத்து விற்காதவரை.

இருபதாம் நூற்றாண்டுப் படங்களில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கம். பதிப்பாளர் வதனபே ஷோசபுரோவின் கடை 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத் தீயில் கட்டைகளோடு சாம்பலானது; அதற்கு முந்தைய தாள் என்றாலே விலை ஏறும். அவருடைய முக்கிய ஓவியர் கவாசே ஹசுய். ஹசுயின் தாள்களில் வலப்பக்கமோ இடப்பக்கமோ கீழே ஒரு சிறு வட்ட முத்திரை இருந்து, விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால், அது 1946க்கும் 1957க்கும் நடுவே அடித்தது. 1957இல் ஹசுய் இறந்தார். பார்க்க ஒரே கோயில், ஒரே பனி. முத்திரை மாறினால் விலையும் மாறுகிறது. புதிதாகச் சேகரிக்கிறவர் ஹொக்குசாய் காலத்து ஓவியர் ஹிரோஷிகேயின் தேய்ந்து வெளிறிய தாள் ஒன்றை வாங்குவதைவிட, இந்த 6 மில்லிமீட்டர் ஹசுய் ஒன்றை வாங்கலாம் என்பது என் கட்சி. பழசு என்ற பெயருக்காகப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பே ஏரியாவுக்குச் சொந்தமான கணக்கு ஒன்று உண்டு. ஒகயாமாவில் பிறந்து 1903இல் சான் பிரான்சிஸ்கோ வந்த சியுரா ஒபாட்டா, 1927இல் யோசெமிட்டி போய் வரைந்த நீர்வண்ணங்களை அடுத்த ஆண்டு ஜப்பானுக்கு எடுத்துப்போனார். டோக்கியோ டகமிசாவா அச்சகத்தில் 18 மாத வேலை. 32 செதுக்குபவர், 40 அச்சடிப்பவர். முடிவில் 35 படங்கள். தூரிகை ஓட்டத்தின் நீர்க்கசிவு வரை மரத்தில் கொண்டுவர, ஒரு படத்துக்கே நூற்றுக்கு மேற்பட்ட முறை தாளைக் கட்டையில் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவைப் போட்டு அவர் அன்று லாபம் பார்த்திருக்க வழியே இல்லை. பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1932இல் அவரை ஆசிரியராக்கியது. பத்தே வருஷத்தில், இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானியர் என்பதற்காக அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு டான்ஃபோரன் குதிரைப் பந்தய மைதான முகாமில் அடைத்தது. அங்கேயும் ஓவியப்பள்ளி நடத்தினார்.

நமக்கு நெருங்கிய வரவு ஒன்றும் இருக்கிறது. அச்சடிப்பைத் தன் பட்டறையிலேயே வைத்துக்கொண்ட யோஷிடா ஹிரோஷி, 1930–31இல் மகனோடு இந்தியா வந்தார். தாஜ் மஹால், எல்லோரா, காசியோடு மதுரைக் கோயிலும் மரக்கட்டையில் ஏறியது. அவர் படத்தை வாங்குகிறவர் ஓவியத்துக்கு வெளியே, விளிம்பில் பார்க்க வேண்டும். அங்கே ‘ஜிசுரி’ என்ற சிறு முத்திரை இருந்தால் அச்சடிப்பு அவர் மேற்பார்வையில் நடந்தது. இல்லையென்றால் அவர் 1950இல் இறந்தபின் அடித்ததாக இருக்கக்கூடும். சட்டம் போடும் கடைக்காரர் அழகாக இருக்கட்டும் என்று அந்த விளிம்பை வெட்டிவிட்டால் முத்திரையோடு விலையும் குப்பைக்கூடைக்குப் போகும்.

செலவுப் பக்கத்தில் கடைசி இரண்டு இனங்கள். ஒன்று வெளிச்சம். பாஸ்டன் ஸ்போல்டிங் சகோதரர்கள் 1921இல் தங்கள் 6,000க்கு மேற்பட்ட படங்களை அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். சாயம் வெளிறிவிடும் என்ற பயம். வீட்டு வரவேற்பறையில் ஜன்னலுக்கு எதிரே மாட்டுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மற்றொன்று வரி. அசல் அச்சுப்படத்துக்கு அமெரிக்க இறக்குமதி அட்டவணையில் அடிப்படைச் சுங்கம் கிடையாது, ஆனால் பல மாநிலங்களில் விற்பனை வரி உண்டு. 2,000 டாலர் படத்துக்கு நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம், 132.50 டாலர். ஹூஸ்டனில் 8.25 சதவீதம், 165. சான் பிரான்சிஸ்கோவில் 8.625 சதவீதம், 172.50. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 40 டாலர், அதாவது இரண்டு கிண்ணம் சோபா.