குவான்ஜோவில் நம்ம நரசிம்மர்!

சைனா என்றதும் பெருஞ்சுவரின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத் துடிக்கிற ஆசாமியா நீங்கள்? போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரே ஒரு நாளை மட்டும் குவான்ஜோவுக்கு ஒதுக்குங்கள். (கம்பெனி வேலையாக நம்மவர்கள் அடிக்கடி போகிற குவாங்ஜோ வேறு ஸார்! டிக்கெட் எடுக்கும்போது ஜாக்கிரதை.) இது ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரை ஊர். ஜியாமெனில் வேக ரயில் ஏறினால், கையிலிருக்கும் பேப்பரைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும். மார்க்கோ போலோ 'ஜெய்தூன்' என்று எழுதி வாயைப் பிளந்தது இந்தத் துறைமுகத்தைப் பார்த்துத்தான்.

காலையில் முதல் விஸிட், கையுவான் கோயில். கி.பி. 686-ல் ஆரம்பித்த புத்தர் கோயில். இரண்டு பக்கமும் நாற்பது மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் கல் கோபுரங்கள். நடுவிலுள்ள பெரிய மண்டபத்துக்கு 'நூறு தூண் மண்டபம்' என்று பெயர். எண்ணினால் 86-தான் தேறும். நம்ம ஆபீஸாக இருந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

முன்னால் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போங்கள். அங்கே இரண்டு தூண்கள். ஒரு வட்டத்துக்குள் நரசிம்மர் இரணியனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்றில் குட்டிக் கண்ணன் உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே போகிறான். கோபியரின் சேலைகளைத் திருடிய கேஸும் உண்டு! புத்தர் கோயிலில் இவர்களுக்கு என்ன வேலை?

விஷயம் இதுதான். கடல் தாண்டி மிளகும் துணியும் விற்க வந்த தமிழ் வியாபாரிகள் இந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். 1956-ல் இங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 1281-ஆம் வருஷம், சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீஸ்வரம் என்ற பெயரில் சிவனைப் பிரதிஷ்டை செய்திருக்கிறார். எதற்கு? மங்கோலியச் சக்கரவர்த்தியின் உடம்பு சௌக்கியமாக இருக்க! அதுவும் சக்கரவர்த்தியின் அனுமதியோடு. அப்போது ஆண்டவர் குப்ளாய் கான். பிழைக்கப் போன ஊரில் ராஜா பேருக்கே ஓர் அர்ச்சனை... நம்மவர்களுக்குக் காரியம் சாதிக்கவா தெரியாது?

ஆனால் இன்று அந்தச் சிவன் கோயில் இல்லை. 1357 முதல் 1366 வரை ஊரே கலவரத்தில் வெந்தது. வெளிநாட்டு வியாபாரிகளின் வாழ்வு குலைந்தது. கோயில் கல் கல்லாகப் பிரிந்து, யார் யார் கட்டடத்துக்கோ போய்ச் சேர்ந்தது. பின்னால் மிங் ராஜாக்கள் காலத்தில் புத்தர் கோயிலைப் புதுப்பித்தவர்கள் கையில் கிடைத்தவைதான் அந்த இரண்டு தூண்கள். ஒரு தலைமுறை சம்பாதித்துக் கட்டியதில் மிச்சம் இவ்வளவுதானா என்று மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

மிச்சத்தைப் பார்க்க மத்தியானம் கடல்வழி மியூஸியம் போங்கள். 1959-ல் தொடங்கியது. அரபி எழுத்துக் கல்லறைகள், சிலுவைக் கற்கள், நாலு கை விஷ்ணு என்று எல்லா மதமும் ஒரே கூரையின் கீழ். சிவலிங்கத்தை யானை பூஜிக்கும் சிற்பமும் இருக்கிறது. நம்ம திருவானைக்காவல் கதையேதான்!

1974-ல் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த பழைய சோங் காலத்துக் கப்பலில் மிளகும் வாசனைக் கட்டைகளும் கிடைத்தன. கூடவே, சரக்கு யாருடையது என்று எழுதிக் கட்டிய மர லேபிள்கள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பார்சல் ஆபீஸ்! 2021-ல் யுனெஸ்கோ இந்த ஊருக்கு உலகப் பாரம்பரிய அந்தஸ்து கொடுத்ததில் ஆச்சரியமில்லை.

பசிக்கிறதா? மேற்குத் தெருவுக்கு நடங்கள். சேமியாவைக் கரைய விட்டுக் கஞ்சி மாதிரி தருவார்கள். தொண்டைக்கு இதம். சிப்பி ஆம்லெட் அருமை. இஞ்சியில் வெந்த வாத்துக்கறிக்குச் சொத்தையே எழுதி வைக்கலாம். கண்ணாடி மாதிரி நடுங்கும் ஜெல்லி ஒன்றை நீட்டினால் மட்டும், உள்ளே என்ன என்று முதலில் கேளுங்கள். கடல் புழு ஸார்! பூண்டும் வினிகரும் ஊற்றி உள்ளூர்க்காரர்கள் சப்புக்கொட்டுகிறார்கள்.

சைவர்கள் டீயோடு நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்து ஆன்ஷியில் விளையும் தியெகுவான்யின், சிட்டிகைக் கோப்பையில் வரும். பாலும் சர்க்கரையும் கேட்டு மானத்தை வாங்காதீர்கள். இந்த ஊர்ப் பேச்சில் டீக்குப் பெயர் 'தே'. நம்ம தேயிலையில் இருக்கிற அதே 'தே'!