நேற்று நடந்ததைப் பேசுவோம்
தாய்–சேய் உரையாடலும் குழந்தை வளர்ச்சியும்

சந்தைக்குப் போய்வந்த அன்று இரவு, மூன்று வயது மகளுக்குச் சோறூட்டியவாறே தாய் கேட்கிறாள்: "சந்தையில் எதைப் பார்த்தோம், கண்ணு?"

"ஆடு."

"ஆமாம், வெள்ளை ஆடு. உன் கையிலிருந்த பழத்தோலை அது என்ன செய்தது?"

"தின்றுவிட்டது!"

"நீ அப்போது பயந்துவிட்டாய், இல்லையா? பிறகு யார் உன்னைத் தூக்கிக் கொண்டார்கள்?"

செலவு ஏதுமற்ற இச்சிறு உரையாடல், குழந்தையின் நினைவாற்றலுக்கும் மொழித்திறனுக்கும் அடித்தளமிடுகிறது என்பது உளவியல் ஆய்வுகள் காட்டும் உண்மையாகும்.

இருவகைத் தாய்மார்கள்

பழைய நிகழ்ச்சிகளைப் பேசும் முறையில் தாய்மார்களிடையே வேறுபாடு உண்டு. சிலர் குழந்தை கூறும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, புதிய விவரம் சேர்த்து, அடுத்த வினாவுக்குச் செல்கின்றனர். வேறு சிலரோ, "என்ன பார்த்தாய்? சொல், என்ன பார்த்தாய்?" என்று ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். முன்னது உரையாடல், பின்னது தேர்வு.

அமெரிக்க ஆய்வாளர்களான எலேன் ரீஸ், கேத்தரின் ஹேடன், ராபின் ஃபிவுஷ் ஆகியோர் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளை 40 மாத வயது முதல் 70 மாத வயது வரை தொடர்ந்து கவனித்தது. தொடக்கத்தில் விவரம் சேர்த்துப் பேசிய தாய்மார்களின் குழந்தைகள், பின்னாளில் தம் அனுபவங்களை அதிகமாக நினைவுகூர்ந்தனர்.

இம்முறையைக் கற்பிக்கவும் இயலும். நியூசிலாந்தில் தாய்மார்களுக்குப் பயிற்சியளித்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2007-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோர் விரிவாகப் பேசலாயினர். எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவில் பயனடையவில்லை எனினும், அவர்களுடைய நினைவிலும் கதை கூறும் திறனிலும் முன்னேற்றம் தென்பட்டது.

எவ்வாறு பயன் விளைகிறது?

நடந்தது கண்முன் இல்லாதபோது, அதனைச் சொற்களாலேயே எழுப்ப வேண்டியுள்ளது. எது முதலில், எது பின்னர், ஏன் என்ற ஒழுங்கைத் தாயின் வினாக்கள் கற்பிக்கின்றன. பள்ளியில் கதையைப் புரிந்துகொள்ளவும் எழுதவும் இவ்வொழுங்கே துணைபுரியும். அச்சம், அழுகை ஆகியவற்றுக்குப் பெயர் கிடைக்கும்போது, குழந்தை அவற்றைக் கையாளவும் கற்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பேசும் முறை நாட்டுக்கு நாடு மாறுபடும். சீனத் தாய்மார்கள் பழைய நிகழ்ச்சிகளின் வழியே நன்னடத்தையை வலியுறுத்துவதை ஆய்வுகள் கண்டுள்ளன. அதனைக் குறையென்று கருதலாகாது. நம் இல்லங்களில் பாட்டியும் அத்தையும் அண்ணனும் இவ்வுரையாடலில் பங்கேற்கலாம்.

அங்கன்வாடியின் பங்கு

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், ஊட்டச்சத்துடன் முன்பள்ளிக் கல்வியையும் தன் நோக்கமாகக் கொண்டது. எழுத்தறியாத தாய், தன் குழந்தையின் கல்விக்குத் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒதுங்கிவிடுகிறாள். இவ்வெண்ணமே பெரும் இழப்பு. நினைவைப் பகிர எழுத்தறிவு வேண்டுவதில்லை. வயலிலிருந்து திரும்பும் வழியிலும், தலைவாரும் வேளையிலும் பேசலாம். அன்னையர் கூட்டங்களில் அங்கன்வாடிப் பணியாளர் இதனைப் பேசிக் காட்டினாலே போதும்.

குழந்தை தவறாகச் சொன்னால் கடிந்துகொள்ளாது, மெல்லத் திருத்த வேண்டும். அது மௌனமாக இருந்தால், தாயே ஒரு வரி சொல்லித் தொடங்கலாம். "அன்றைக்கு நாம்..." என்னும் அத்தொடக்கம், எந்த ஏழைத் தாயும் தன் குழந்தைக்கு அளிக்கக்கூடிய முதற்பாடமாகும்.