பனி துடைக்கும் வேலை

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள பகுதியைக் கிரீன் என்பார்கள். பந்து தங்குதடையில்லாமல் உருள வேண்டுமென்று அங்கே புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கிய உயரம், அவ்வளவுதான். இலை குறைந்தால் புல் தயாரித்துக்கொள்ளும் உணவு குறையும். வேரும் ஆழம் போகாது. நோய்க்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

அமெரிக்க மைதானங்களைப் பெரிதும் அலைக்கழிப்பது டாலர் ஸ்பாட் என்கிற பூஞ்சை நோய். காசளவு வட்டங்களாகப் புல் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துவிடும். இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால்தான் அது தொற்றும். விடியற்காலையில் புல்லில் நிற்பது முழுக்கப் பனி என்று நினைக்காதீர்கள். இரவில் புல்லே இலைநுனி வழியாகக் கசியவிடும் நீரும் அதில் கலந்திருக்கிறது. அந்த நீரில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உண்டு. பூஞ்சைக்குத் தண்ணீரும் தீனியும் ஒரே துளியில் கிடைத்துவிடுகின்றன!

அதனால்தான் விடிந்ததும் முதல் வேலையாக ஈரத்தை உதறுகிறார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நீண்ட ரப்பர் குழாயைப் புல்மேல் இழுத்துப் போவார்கள். இல்லையென்றால் அந்த நேரத்திலேயே வெட்டிவிடுவார்கள். செலவே இல்லாத மருத்துவம் என்று இதைத்தான் சொல்வேன். தழைச்சத்து குறைந்தாலும் இந்த நோய் ஏறும், அதையும் கவனிக்க வேண்டும். ஸ்மித்-கெர்ன்ஸ் என்றொரு கணிப்பு முறை, ஐந்து நாள் சராசரி வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் வைத்து நோய் வரும் வாய்ப்பைச் சொல்கிறது. தேதி பார்த்து மருந்தடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தாங்கும் பூஞ்சை மட்டும் பிழைத்துப் பெருகும்.

பூச்சிமருந்தின் கதை இன்னும் கடுமையானது. 1984-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் டயசினான் தெளித்திருந்தார்கள். அந்தப் புல்லை மேய்ந்த பிராண்ட் என்னும் காட்டு வாத்துகள் சுமார் 700 செத்துப்போயின. பிறகு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கோல்ஃப் மைதானங்களில் அந்த மருந்தைத் தடுத்தது. ஆனால் வீட்டுத் தோட்டங்களுக்கான விற்பனை 2004 வரை நடந்தது. பறவைக்கு மைதானப் புல்லும் வீட்டுப் புல்லும் வேறு வேறா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009-இல் அழகுக்காகப் புல்லுக்கு மருந்தடிப்பதையே தடைசெய்தபோது, கோல்ஃப் மைதானங்களுக்கு நிபந்தனையோடு விலக்கு அளித்தது. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைச் சான்று பெற வேண்டும். என்ன அடித்தோம், எவ்வளவு அடித்தோம் என்ற கணக்கை ஆண்டுதோறும் ஊரறிய வைக்க வேண்டும். மற்ற இடங்களிலும் நான் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.