வாசிக்கத் திணறும் குழந்தைக்கு ஆசிரியர் தேடுகிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய சிலர், டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு வாசிக்கக் கற்றுத் தரும் சாப்ட்வேர் எது என்று என்னிடம் கேட்கின்றனர். என் பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். முதலில் ஆசிரியரைத் தேடுங்கள். அந்தத் தேடலுக்கு உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக உதவும்.

ஆனால் கூகுளில் டிஸ்லெக்சியா என டைப் செய்து, முதலில் வருவதைக் கிளிக் செய்திட வேண்டாம். மேலே ஸ்பான்சர்டு என்ற குறிப்புடன் வருபவை காசு கொடுத்துப் போடப்படும் விளம்பரங்கள். என் பக்கத்து வீட்டில் நாலாம் வகுப்புப் பையனுக்கு அப்படி ஒன்றை நம்பிக் கலர் கண்ணாடியும், மூளைப் பயிற்சி அப்ளிகேஷனும் வாங்கினார்கள். ஒரு வருடம் போயிற்று. வாசிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

டிஸ்லெக்சியா கண் கோளாறு அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் உள்ள சிரமம். ஆங்கிலத்தில் ‘கப்’, ‘சிட்டி’ இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே, ஒலி வேறு. அங்கேதான் இக்குழந்தைகள் அதிகம் தடுமாறுகின்றனர். கலர் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றால் இது சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் 2009லேயே கூட்டாக அறிவித்துவிட்டன.

உங்களுக்கு இரண்டு பேர் தேவை. சோதித்து அறிக்கை தருபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். கற்றுத் தருபவர் சிறப்பாசிரியர். இவ்விருவரையும் பதிவு செய்யும் அமைப்பு, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆப் இந்தியா. அதன் இணைய தளத்தைத் திறந்து கொள்ளுங்கள். இதேபோன்ற பெயருடன் வேறு தளங்களும் வரலாம். அரசு தளங்களின் முகவரி பொதுவாக ஜிஓவி.இன் அல்லது என்ஐசி.இன் என முடியும். ஆசிரியரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அங்குள்ள பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண் கேட்டதற்குக் கோபித்துக் கொள்பவரை நான் நம்ப மாட்டேன்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. சிறப்புக் கல்விப் படிப்பில் பல பிரிவுகள் உண்டு. காது கேளாதவர்களுக்குக் கற்பிக்கப் பயின்றவரும் சிறப்பாசிரியர்தான். எனவே கற்றல் குறைபாட்டில் பயிற்சி உண்டா எனக் கேளுங்கள். எப்படிக் கற்பிப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஒலிகளிலிருந்து தொடங்கி, கேட்டு, பார்த்து, எழுதி, படிப்படியாக, வாரத்தில் பல நாள் என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். 90 நாளில் குணமாக்குவேன் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனை அணுகலாம். 1990களின் தொடக்கம் முதல் இயங்கும் இது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இக்குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு முறையான சான்றிதழ் வேண்டும். தனியார் அறிக்கை மட்டும் போதும் என இருந்துவிடாதீர்கள்.

சரி, சாப்ட்வேருக்கு வருவோம். விண்டோஸுடன் வரும் எட்ஜ் பிரவுசரில் ஒரு கட்டுரையைத் திறந்து எப்9 கீயைத் தட்டுங்கள். விளம்பரங்கள் நீங்கி, எழுத்து மட்டும் இருக்கும். அதைப் பெரிதாக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். கண்ட்ரோல்+ஷிப்ட்+யு அழுத்தினால் கம்ப்யூட்டரே படித்துக் காட்டும். தமிழ்க் குரலும் உண்டு. இதனால் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் வாசிப்பு வரும் வரை அறிவியல் பாடமும் வரலாறும் பின்தங்காமல் இருக்கும். டிஸ்லெக்சியாவுக்கென்றே வந்துள்ள ஓபன்டிஸ்லெக்சிக் எழுத்துரு இலவசம்தான், ஆனால் ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. குழந்தைக்குப் பிடித்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டெஸ்க்டாப்பில் குழந்தையின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்கி, சோதனை அறிக்கைகளை ஸ்கேன் செய்து போடுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே பாடத்தைக் குழந்தை வாசிப்பதைப் பதிவு செய்து, தேதியைப் பெயராகக் கொடுத்து அங்கேயே சேமியுங்கள். 3 மாதம் கழித்து ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம்.