மழைக்காலக் காய்ச்சல்: உள்ளே நுழைந்தது எந்த செல்?

ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் மும்பையில் காய்ச்சலும் கூடவே வந்துவிடும். தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு நிரம்பினால் மழைநீரும் சாக்கடையும் ஒன்றாகி முழங்கால் அளவு நிற்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், பெரியவர்கள் சயான் ஸ்டேஷனுக்குப் போவதும் அந்தத் தண்ணீரில் இறங்கித்தான். சில நாள் கழித்து உடம்பு அனலாய்க் கொதிக்கும். கைகால் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும். தெருமுனை மருந்துக்கடையில் "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு, நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறோம். பல நேரம் அதில் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் இருக்கும்.

அந்த மாத்திரை பலிக்குமா என்பது காய்ச்சலின் சூட்டைப் பொறுத்ததல்ல; உள்ளே நுழைந்த கிருமியின் உடலமைப்பைப் பொறுத்தது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த புரோகேரியோட், யூகேரியோட் வேறுபாடு இங்கே உயிர் காக்கும் அறிவாகிறது.

இரண்டு வகை வீடுகள்

உயிருள்ள செல்களை அமைப்பைப் பார்த்து இரண்டாகப் பிரிக்கலாம். புரோகேரியோட் செல் ஒற்றை அறை வீடு. சமையல், படுக்கை, படிப்பு, தையல் மெஷின் எல்லாம் ஒரே அறையில் நடப்பதுபோல, பாக்டீரியாவின் எல்லா வேலையும் ஒரே இடத்தில் நடக்கும். டி.என்.ஏ.வுக்குத் தனி அறை கிடையாது. நடுவில் சுருண்டு கிடக்கும். புரதம் செய்யும் ரைபோசோம்கள் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

யூகேரியோட் செல் பல அறைகள் கொண்ட வீடு. டி.என்.ஏ. உட்கரு என்ற தனி அறைக்குள் இருக்கும். சக்தி தயாரிக்க மைட்டோகாண்ட்ரியா என்று தனி உறுப்பு உண்டு. மனிதர், மரம், காளான், படர்தாமரைப் பூஞ்சை, மலேரியா ஒட்டுண்ணி எல்லாம் இந்த வகைதான். பாக்டீரியா பொதுவாக 1 முதல் 5 மைக்ரோமீட்டர். நம் செல்களில் பல அதைவிடப் பத்து மடங்கு பெரியவை.

எலிக்காய்ச்சல்: ஒற்றை அறைக் கிருமி

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா வாழும். திருகாணிபோல் சுருண்ட மெல்லிய உடல். நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கால்வெடிப்பு, செருப்புக்கடி, சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. வெள்ளம் வடிந்தபின் நகரில் எலிக்காய்ச்சல் பெருகியது.

இங்கேதான் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை. பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ் வகை. நம் செல்லில் இருப்பது 80எஸ் வகை. டாக்ஸிசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துகிறது. பெனிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. அந்தச் சுவர் நமக்குக் கிடையவே கிடையாது. எதிரியிடம் மட்டும் இருப்பதைக் குறிவைப்பதால்தான் அவன் சாகிறான், நாம் பிழைக்கிறோம்.

இந்த மருந்துகள் இல்லாத காலத்தையும் மும்பை பார்த்திருக்கிறது. 1896-இல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக்கும் ஒரு பாக்டீரியாவின் வேலைதான். அதைக் கொல்ல மருந்து இல்லாததால் நகரத்தையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. காற்றும் வெளிச்சமும் வரும்படி அது திட்டமிட்ட புதிய பகுதிகளில் ஒன்றுதான், பின்னாளில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய மாட்டுங்கா.

மலேரியா: அறைகள் கொண்ட எதிரி

செம்பூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் மலேரியா ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்தேன். வெளிறிய சிவப்பணுவுக்குள் நீல நிறத்தில் மெல்லிய வளையம். அதன் ஓரத்தில் கல் பதித்த மோதிரம்போல் ஒரு செம்புள்ளி. அந்தப் புள்ளிதான் ஒட்டுண்ணியின் உட்கரு. உட்கரு இருப்பதால் அது யூகேரியோட். செல் அமைப்பில் நம் வகை.

நம் வகை என்பதால் இதைக் கொல்வது சிரமம். பெனிசிலின் தகர்க்கச் சுவர் இல்லை. எனவே மருத்துவம் அதன் சாப்பாட்டைக் குறிவைத்தது. ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்னும்போது ஹீம் என்ற நச்சு மிஞ்சுகிறது. அதைப் படிகமாக்கித்தான் அது தப்பிக்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகம் உருவாகாமல் தடுத்து, தின்ற சாப்பாட்டாலேயே அதைச் சாகடிக்கிறது. வைவாக்ஸ் என்ற மலேரியா வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதற்காகத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும் நடுவில் நிறுத்தக் கூடாது.

டெங்கு: செல்லே இல்லாதது

டெங்கு வைரஸ் இரண்டு வகையிலும் சேராது. அதற்குச் சுவரும் ரைபோசோமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து நம் ரைபோசோமைக் கொண்டே தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. ஆகவே டெங்குவுக்கு ஆன்டிபயாட்டிக் ஒரு துளியும் உதவாது. ஓய்வு, நீராகாரம், மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால், கண்காணிப்பு: இவையே சிகிச்சை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே கூடாது.

தேவையில்லாத மாத்திரை என்ன செய்யும்?

ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவைக் காலையில் பொங்க வைப்பவையும் பாக்டீரியாக்கள்தான். அவற்றைப் போன்ற நல்லவை நம் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வைரஸ் காய்ச்சலுக்கு விழுங்கிய ஆன்டிபயாட்டிக் வைரஸை விட்டுவிட்டு இவற்றைத்தான் அழிக்கும். வயிற்றுப்போக்கு அதன் விளைவு. தப்பிப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். மருந்துக்கு அடங்காத காசநோய் எவ்வளவு கொடியது என்பதை மும்பை நன்கு அறியும். அதற்குத் தரும் லினிசோலிட், பழங்கால பாக்டீரியாவிலிருந்து வந்த நம் மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்கக்கூடியது. அதனால்தான் ரத்தத்தையும் நரம்புகளையும் அடிக்கடி சோதித்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

• தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து வேண்டுமா என்று 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தாங்களாக எதையும் எடுக்கக் கூடாது.
• காய்ச்சல் வந்தால் மாநகராட்சி தவாகானாவில் (மருத்துவ நிலையத்தில்) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மலேரியா சோதனைக்கு அங்கே காசு வேண்டாம். வெள்ளத்தில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் முடிவு வருமுன்பே மருத்துவர் சிகிச்சை தொடங்கக்கூடும்.
• குடிதண்ணீர் டிரம்மை இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். நகரத்து மலேரியாக் கொசுவும் டெங்குக் கொசுவும் முட்டையிடுவது நல்ல தண்ணீரில்தான்.
• கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் அதிகக் கவனம் தேவைப்படும் நாள்.

மூன்று காய்ச்சலும் தொட்டுப் பார்த்தால் ஒரே சூடுதான். வேறுபாடு உள்ளே நுழைந்த கிருமியின் அமைப்பில் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியது சோதனை மட்டுமே. இந்த மழைக்காலத்தில் "காய்ச்சலுக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்பதை விட்டுவிட்டு, "முதல்ல ரத்தம் பாருங்க" என்று கேட்கப் பழகுவோம்.