மஞ்சள் டொரானா
தீர்ப்புக்கு முந்திய தீர்ப்பு – 11

பாகவதரும் கலைவாணரும் 1947-இல் சிறையிலிருந்து வெளியே வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நானாவதி வழக்கு என்றும் சொல்லியிருந்தேன். பம்பாய்க்குக் கிளம்பும் நேரத்தில் ஆஸ்திரேலியக் கார் ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது. நான்கு நாளாக அதை விட்டு நகர முடியவில்லை.

1980 ஆகஸ்ட் 17 இரவு. உலுரு பாறையடியில் கூடாரம் போட்டிருந்தது சேம்பர்லைன் குடும்பம். உள்ளே தூங்கிய ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்று தாய் லிண்டி அலறினார். பழங்குடித் தடம் பார்ப்பவர்கள் மணலில் டிங்கோவின் காலடியைத் தொடர்ந்து போனார்கள். மரண விசாரணை நடத்திய டெனிஸ் பாரிட் 1981 பிப்ரவரியில், டிங்கோதான் என்றார். வதந்தி அடங்கட்டும் என்று தம் முடிவைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பவும் அனுமதித்தார். அடங்கவில்லை.

அசாரியா என்றால் ‘வனாந்தரத்தில் பலி’யாம். கைக்குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டாளாம். அவர்களுடைய அட்வென்டிஸ்ட் சபையில் நரபலி உண்டாம். அந்த எபிரேயப் பெயருக்குக் கர்த்தர் துணை நின்றார் என்பதுதான் பொருள். அகராதியைப் புரட்டினால் தெரிந்திருக்கும். இத்தனைக்கும் மேலே, டிவியில் லிண்டி அழவில்லை! என் பெரியம்மா, கணவர் கிடத்தப்பட்டிருந்த கூடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தார். ‘கல்நெஞ்சக்காரி’ என்று பந்தலில் எழுந்த பேச்சு பதினாறாம் நாள் காரியம் வரை ஓயவில்லை. அன்று நடுராத்திரி கிணற்றடியில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தவன் நான்.

காருக்கு வருகிறேன். வழக்கை மறுபடி கிளறிய அரசுத் தரப்பு, குடும்பத்தின் மஞ்சள் நிற ஹோல்டன் டொரானாவின் முன்சீட்டில் வைத்துத் தாயே குழந்தையின் கழுத்தை அறுத்தாள் என்றது. டாஷ்போர்டுக்கு அடியில் பொட்டுப்பொட்டாய்த் தெறித்திருந்த கறையைக் காட்டிப் பச்சிளங்குழந்தையின் ரத்தம் என்றார் தடயவியல் நிபுணர். 1982 அக்டோபர் 29 அன்று டார்வின் ஜூரி லிண்டியைக் கொலைகாரி என்றது. ஆயுள் தண்டனை. அடுத்த மாதம் காவலில் இருந்தபடியே அவர் பெற்ற பெண் குழந்தையையும் பிரித்துவிட்டார்கள்.

அந்தக் கறை ரத்தமே இல்லை. கார் செய்த தொழிற்சாலையிலேயே, ஓடும்போது சத்தம் குறையட்டும் என்று அடித்த பூச்சு. வேறு டொரானாக்களுக்குள் குனிந்து பார்த்தால் அதே இடத்தில் அதே தெறிப்பு! லிண்டி சிறைக்குப் போன பிறகுதான் இது தெரிந்தது. இன்னொன்று கேளுங்கள். ரத்தமா என்று பார்க்கும் முதல்கட்டச் சோதனை செம்புத் தூசுக்கும் அதே போல நிறம் மாறும். சேம்பர்லைன் குடும்பம் குடியிருந்த மவுண்ட் ஐசா, செம்புச் சுரங்கம் உள்ள ஊர். அங்கே தெருவில் நிறுத்திய எந்தக் காரையும் கொலைக்களமாக்கிவிடலாம். எதிர்த்தரப்பு சரிபார்க்கலாம் என்றால், சோதனைத் தட்டுகளை விசாரணைக்கு முன்பே அழித்துவிட்டிருந்தார்கள். வழக்கு நடந்த நாளெல்லாம் லிண்டி உடுத்திவந்த கவுன்களை எண்ணி எழுதியவர்கள், இந்தத் தட்டுகள் எங்கே என்று விடாமல் கேட்டிருக்க வேண்டாமா? அதற்காக எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1986 தொடக்கத்தில் பாறையிலிருந்து விழுந்து இறந்த ஆங்கிலேயப் பயணி ஒருவரின் உடலைத் தேடப் போனார்கள். டிங்கோக்கள் திரியும் பகுதியில் குழந்தையின் மேல்சட்டை கிடைத்தது. அதைப் போட்டிருந்தாள் என்று லிண்டி சொன்னதை ஒருவரும் நம்பியிருக்கவில்லை. சில நாட்களில் விடுவித்தார்கள். 1988-இல் தண்டனை ரத்து. டிங்கோதான் கொன்றது என்று இறப்புச் சான்றிதழில் ஏறியது 2012 ஜூன் 12 அன்று. இடையில் போனது 32 ஆண்டுகள்.

பம்பாய் ஜூரியின் எட்டுக்கு ஒன்று தீர்ப்பும் ‘பிளிட்ஸ்’ பத்திரிகையும் அடுத்த வாரம், கட்டாயம். உங்கள் ஊரில் ‘அழவே இல்லையே’ என்ற ஒரே காரணத்துக்காக யாரையாவது குற்றவாளி ஆக்கியிருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், நடந்தது போதும்.