மீன் தண்ணீருக்கு எந்தப் பாத்திரம்?

பெங்களூரில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டில் அப்பா, அம்மா, ஒரு பையன். பையனுக்கு மீன் என்றால் உயிர். அவனுக்காக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார்கள். அதில் பத்து கப்பி மீன்களை விட்டார்கள்.

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து குழாயில் வருகிறது. நோய்க் கிருமிகளைக் கொல்ல அதில் குளோரின் கலக்கிறார்கள். அது நமக்கு நல்லது. ஆனால் மீனுக்கு ஆகாது. மீன் செவுள் வழியாக மூச்சு விடுகிறது. குளோரின் அந்தச் செவுளைப் புண்ணாக்கும்.

அதனால் குழாய்த் தண்ணீரை உடனே தொட்டியில் ஊற்றக் கூடாது. வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் முழுவதும் வைக்க வேண்டும். குளோரின் காற்றில் போய்விடும். அம்மாவுக்கு இது தெரியும். வாளியில் பிடித்து வைத்து மறுநாள்தான் ஊற்றுவார். ஆறு மாதம் மீன்கள் நன்றாக இருந்தன.

ஒரு நாள் அப்பா பழைய சாமான் கடையில் ஒரு நீல டிரம் வாங்கி வந்தார். விலை மலிவு.

"இப்போ மீனுக்கு வெச்சுக்கலாம். வெயில் காலத்துல குடிதண்ணியும் இதிலேயே பிடிக்கலாம்" என்றார்.

அம்மா டிரம்மை நன்றாகக் கழுவினார். தண்ணீர் பிடித்தார். ஒரு நாள் வைத்தார். பிறகு தொட்டியில் ஊற்றினார். சாயங்காலம் ஏழு மீன்கள் செத்து மிதந்தன. பையன் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் அம்மா மீன் கடைக்குப் போனார்.

"அண்ணே, ஒரு நாள் வெச்ச தண்ணியைத்தான் ஊத்தினேன். அப்புறம் ஏன் மீன் செத்துச்சு?"

"தீனி மாத்தினீங்களாம்மா?"

"இல்லை."

"புது மீன் ஏதாவது விட்டீங்களா?"

"இல்லை அண்ணே. தண்ணி பிடிச்ச டிரம்தான் புதுசு."

"அதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டிரம்மைச் சாய்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் பாதி கிழிந்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சீட்டுக்கட்டு டைமன் போல ஒரு கட்டம். கீழ்ப் பாதி சிவப்பு நிறம். மேலே மண்டை ஓடு.

அது பூச்சிமருந்து டிரம்!

நம் நாட்டில் பூச்சிமருந்து டப்பாக்களில் இந்தக் கட்டம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கு அடுத்தது நீலம். பச்சை எல்லாவற்றிலும் குறைவு. ஆனால் அதுவும் மருந்துதான். எந்த நிறமாக இருந்தாலும் அந்த டப்பாவில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் விஷத்தை உறிஞ்சி வைத்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் போகாது. வாசனை இல்லை என்பதால் விஷம் இல்லை என்று நினைக்கக் கூடாது.

எந்தப் பாத்திரம் ஆகாது?

பூச்சிமருந்து, அமிலம், பெயின்ட் இருந்த டிரம் ஆகவே ஆகாது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மும் வேண்டாம்.

செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். செம்புக் குடத்துத் தண்ணீரை நாம் குடிக்கிறோம். ஆனால் தண்ணீரில் கரையும் கொஞ்சம் செம்புகூட மீனைக் கொல்லும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியும் அப்படித்தான்.

புதிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு இறங்கும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

எந்தப் பாத்திரம் நல்லது?

புதிய பிளாஸ்டிக் வாளி நல்லது. உணவுப் பொருள் வைக்கலாம் என்று காட்ட, சில பாத்திரங்களின் அடியில் கிளாஸும் முள்கரண்டியும் போட்ட குறி இருக்கும். அதைப் பார்த்து வாங்கலாம். எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களும் நல்லவை.

வாய் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாய்க் குடத்தில் குளோரின் சீக்கிரம் போகாது. தண்ணீரை அவ்வப்போது மொண்டு ஊற்றினால் இன்னும் சீக்கிரம் போகும்.

சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். சோப்பும் மீனுக்குக் கெடுதல். கல் உப்புப் போட்டுத் தேய்த்து அலசினால் போதும். அந்த வாளியை மீனுக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும். அதாவது 12 அல்லது 13 லிட்டர். அதற்கு 15 லிட்டர் வாளி போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. தூக்க முடிகிற அளவே நல்லது.

மூடி வைக்க வேண்டுமா?

மெல்லிய பருத்தித் துணியால் வாயைக் கட்ட வேண்டும். காற்று போகும், கொசு போகாது. டெங்கு பரப்பும் கொசு, வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரிலும் முட்டை இடும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வாளியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

குடிதண்ணீரை மட்டும் இப்படித் துணி கட்டி வைக்கக் கூடாது. நமக்குக் குளோரின் வேண்டும். குடிதண்ணீரை இறுக்கமான மூடி போட்டு வைக்க வேண்டும்.

அப்பா அந்த டிரம்மைத் திரும்ப விற்கவில்லை. விற்றால் இன்னொரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் குடிதண்ணீர் பிடிப்பார்கள். அதனால் யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதபடி அதில் பல இடங்களில் ஓட்டை போட்டார்.

மிச்சம் இருந்த மூன்று மீன்களும் பிழைத்தன. பையன் புது வாளியில் பெரிய எழுத்தில் எழுதினான்: "மீனுக்கு மட்டும்." அம்மா அதைப் படித்தார். பிறகு சமையலறைக்குப் போனார். அங்கே இருந்த ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கும் டிரம் எங்கே வாங்கியது?

அதில் முன்பு என்ன இருந்தது?

அதன் மேல் ஒட்டியுள்ள தாளைப் படித்தீர்களா?